எக்ஸ்-ரே படமும் வயிற்றுப் பிள்ளையும்



எக்ஸ்-ரே என்றதும் ஊரில் இரண்டு விதமான பேச்சு வருகிறது. "கதிர் பட்டா பிள்ளைக்கு ஆகாது" என்று காச நோய்க்குக்கூடப் படம் எடுக்காமல் இருமிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று முழுகாமல் இருக்கும் பெண்ணை எக்ஸ்-ரே அறைக்குள் துணைக்கு நிறுத்துகிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறு.

சில பொருள்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் தாமாகவே வெளிவருகின்றன. முக்கியமானவை மூன்று. ஆல்பா கதிரை ஒரு காகிதமே நிறுத்திவிடும். ஆனால் அந்தப் பொருள் மூச்சிலோ சாப்பாட்டிலோ உள்ளே போனால் ஆபத்து. பீட்டாவை அலுமினியத் தகடு தடுக்கும். காமா கதிர் உடம்பையே ஊடுருவும். அதைத் தடுக்கக் கெட்டியான ஈயமோ கான்கிரீட் சுவரோ வேண்டும். 1895-ல் ரான்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்-ரேயும் இப்படி ஊடுருவுவதுதான். ஆனால் மெஷினை அணைத்ததும் அது நின்றுவிடும். எடுத்த படத்திலோ நம் உடம்பிலோ தங்காது.

மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் கதிர் நம்மேல் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஒரு மார்பு எக்ஸ்-ரேயில் கிடைப்பது 0.1 அல்லது அதற்கும் குறைவு. கணக்குப் போட்டால் சும்மா வீட்டிலிருந்தாலே பதினைந்து நாளில் கிடைக்கிற அளவுதான். இதனால் ஆண்மை குறையும் என்பது வீண் பயம்.

தம்பதிகள் கவனிக்க வேண்டியவை இவை:

நாள் தள்ளிப் போயிருந்தால், படம் எடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்படாதீர்கள். கரு வளரும் முதல் மாதங்களில் அதிகக் கதிர் பட்டால் பிள்ளைக்குக் கெடுதல். அவசரமில்லாத வயிற்றுப் படத்தைத் தள்ளி வைக்கலாம்.

கரு தெரியாமல் மார்புக்கோ கைக்கோ படம் எடுத்துவிட்டீர்களா? அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. வயிற்றுக்கு எடுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் அளவைக் கணக்குப் பார்ப்பார். பெரும்பாலும் அப்போதும் கலைக்கத் தேவை வராது.

குழந்தைக்குப் படம் எடுக்கும்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால், ஈய அங்கி போட்டுக்கொண்டு அப்பா பிடிக்கட்டும். கர்ப்பிணி வெளியே நிற்கட்டும்.

கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் எடுக்கும் ஸ்கேன் ஒலி அலையால் ஆனது. அதில் இந்தக் கதிர் கிடையாது. ஆனால் சி.டி. ஸ்கேன் எக்ஸ்-ரே வகைதான்.

புற்றுநோய்க்கு மெஷினில் "கரன்ட் வைத்து" வந்தவரைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளாது. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சலாம், ஒதுக்காதீர்கள். கழுத்துத் தைராய்டு நோய்க்குக் கதிர் அயோடின் மருந்து சாப்பிட்டவர் விஷயம் வேறு. அவர் டாக்டர் சொல்லும் நாள்வரை கர்ப்பிணியிடமிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர் மருந்துக்கு முன்பே அந்தக் குழந்தைக்குப் பாலை நிறுத்திவிட வேண்டும். அடுத்த பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். மருந்து சாப்பிட்ட பெண் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது. அதுவரை நிரோத்தோ டாக்டர் சொல்லும் வேறு முறையோ கைக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2010-ல் டில்லி மாயாபுரியில், பழைய இரும்புக் கடைக்கு வந்த ஒரு மெஷினுக்குள் கோபால்ட்-60 இருந்தது. தெரியாமல் பிரித்தார்கள். பலர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தே போனார். மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறி போன்ற அடையாளம் உள்ள எந்தப் பொருளையும் தொடாதீர்கள், உடைக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். தள்ளி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் மூன்றே விதி: கதிருக்குப் பக்கத்தில் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள், தூரத்தைக் கூட்டுங்கள், நடுவே தடுப்பு வையுங்கள். தேவையான படத்துக்குப் பயப்படாதீர்கள். தேவையில்லாத படத்தைக் கேட்டு வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்து கிராம நர்ஸிடம் கேளுங்கள்.