எந்த வயதில் எந்தப் பாடம்?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



மக்தப் மதரஸாவின் ஆண்டறிக்கையைச் செயலாளர் அவர்கள் சற்று முன் வாசித்தார்கள். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குர்ஆனை ஓதி முடித்தார்கள் என்ற விவரம் அதில் இருந்தது. அதில் இடம்பெறாத ஒன்றைப் பற்றிப் பேசவே இந்த நேரத்தைக் கேட்டுப் பெற்றேன். ஓதி முடித்த பிள்ளை அதன் பிறகு எங்கே போகிறது? ஓதக் கற்காமலே ஐம்பது வயதைக் கடந்துவிட்டவர் எங்கே போவது?

அரபு நமக்குத் தாய்மொழி அன்று. தமிழ் பேசும் வீட்டில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைக்கு அது மூன்றாம் மொழி. தாய்மொழி அல்லாத ஒரு மொழியைச் சிறுவர் ஒரு விதமாகவும், வாலிபர் ஒரு விதமாகவும், முதியவர் வேறொரு விதமாகவும் கற்கின்றனர். நாமோ ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற முறை ஒன்றையே வைத்துக்கொண்டு, அதில் பொருந்தாதவர்களை எல்லாம் 'இனி வராது' என்று கைவிட்டிருக்கிறோம்.

முதலில் சிறுவர்களைப் பார்ப்போம். அல்லாஹ் அவர்களுக்கு வழங்கியுள்ள அருட்கொடை செவி. பிறந்து ஆறு மாதமான குழந்தை, தன் வீட்டில் பேசப்படாத மொழிகளின் ஒலிகளைக்கூடப் பிரித்தறிகிறது என்றும், ஓராண்டு நிறையும் தறுவாயில் சுற்றிலும் கேட்காத ஒலிகளைப் பிரித்தறியும் திறன் குறையத் தொடங்குகிறது என்றும் மொழி ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். ஸீனும் ஸாதும் தமிழ்க் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதும், ஐன் என்ற எழுத்து அலிஃபாகவே நாவில் வருவதும் இதனால்தான். இது நமக்கு மட்டும் உள்ள குறை அன்று. வடநாட்டிலிருந்து வரும் உஸ்தாதுகள் 'வாழைப்பழம்' என்று சொல்லத் திணறுவதைக் கண்டு நம் பிள்ளைகள் சிரிக்கின்றனர். அதே பிள்ளைகளின் பாட்டனார் ஐனை உச்சரிப்பதை ஓர் அரபுநாட்டார் கேட்டால் அவருக்கும் அதே சிரிப்புத்தான் வரும்.

குறைஷியர் தம் பச்சிளங் குழந்தைகளைப் பாலைவனத்துக் கிராமங்களுக்கு அனுப்பி வளர்த்தனர். நல்ல காற்றும் உடல்நலமும் மட்டும் அதற்குக் காரணமல்ல. கலப்பில்லாத அரபு மொழி குழந்தையின் நாவில் படிய வேண்டும் என்பதும் ஒரு நோக்கம். நம் நபி (ஸல்) அவர்களும் அன்னை ஹலீமா (ரலி) அவர்களிடம் பனூ ஸஅத் கூட்டத்தாரிடையே வளர்ந்தார்கள்.

இதற்கு மாறான ஒரு வரலாறும் உண்டு. ஸுஹைப் (ரலி) அவர்கள் பிறப்பால் அரபி. சிறு வயதிலேயே ரோமர்களால் சிறைபிடிக்கப்பட்டு அவர்களிடையே வளர்ந்தார்கள். பின்னர் மக்காவுக்கு வந்து சேர்ந்தபோது அவர்களது அரபுப் பேச்சில் அந்நியச் சாயல் இருந்தது. வாழ்நாள் முழுவதும் 'ரூமி' என்றே அழைக்கப்பட்டார்கள். அரபு இரத்தம் அரபு உச்சரிப்பைத் தந்துவிடவில்லை. ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். ஹிஜ்ரி 23இல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கத்தியால் குத்தப்பட்டு மரணப் படுக்கையில் கிடந்தபோது, புதிய கலீஃபா தேர்ந்தெடுக்கப்படும் வரை மக்களுக்குத் தொழுகை நடத்துமாறு யாரைப் பணித்தார்கள்? இந்த ஸுஹைப் (ரலி) அவர்களைத்தான். குர்ஆனை நன்கறிந்த மூத்த நபித்தோழர்கள் நிறைந்திருந்த மதீனாவில், பேச்சில் அந்நியச் சாயல் உள்ள ஒருவரின் பின்னால் அனைவரும் அணிவகுத்து நின்றார்கள். உமர் (ரலி) அவர்களின் ஜனாஸா தொழுகையை நடத்தியவர்களும் இவர்களே.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிலால் (ரலி) அவர்கள் பாங்கில் ஷீனை ஸீனாக உச்சரித்தார்கள் என்றொரு கதை நம் மேடைகளில் உருக்கமாகச் சொல்லப்படுகிறது. அதற்கு அடிப்படை கிடையாது என்று இமாம் மிஸ்ஸீ (ரஹ்), இப்னு கஸீர் (ரஹ்) போன்ற ஹதீஸ் கலை வல்லுநர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். உண்மையான ஸுஹைப் (ரலி) வரலாறு இருக்கும்போது இல்லாத கதை நமக்கு எதற்கு?

சிறுவர்தாம் எதையும் விரைவாகக் கற்பார்கள் என்று நாம் நம்புகிறோம். இது பாதி உண்மை. 1978இல் வெளியான ஓர் ஆய்வு, நெதர்லாந்தில் குடியேறி டச்சு மொழி கற்ற ஆங்கிலேய மொழியினரை ஓராண்டு காலம் தொடர்ந்து கவனித்தது. தொடக்க மாதங்களில் முந்தியவர்கள் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் அல்லர். 12 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளும் பெரியவர்களுமே. சிறுவர்கள் மெல்லத் தொடங்கிப் பின்னரே எட்டிப் பிடிக்கின்றனர். 2018இல் ஏறத்தாழ 6,70,000 பேரின் ஆங்கில அறிவை இணையவழியாகச் சோதித்த மற்றோர் ஆய்வு, தாய்மொழியாளருக்கு நிகரான தேர்ச்சி பெறப் பத்து வயதை ஒட்டியாவது தொடங்கியிருக்க வேண்டும் என்றது. அதே ஆய்வு, ஒரு மொழியின் இலக்கணத்தை உள்வாங்கும் ஆற்றல் 17 வயது வரை பெரிதும் குன்றாமல் நிலைத்து, அதன் பிறகே சரிகிறது என்றும் கூறியது.

இப்போது நம் மக்தபின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பிள்ளை எந்த வயதில் நின்றுவிடுகிறது? பன்னிரண்டு, பதின்மூன்றில். ஓதி முடித்தாயிற்று, இனி பத்தாம் வகுப்புக்கு டியூஷன் என்று நிறுத்திவிடுகிறோம். ஒலியைப் பிடிக்கும் வயதில் ஒலியைக் கொடுத்தோம்; அல்ஹம்து லில்லாஹ். பொருளையும் இலக்கணத்தையும் பிடிக்கும் வயது தொடங்கும்போது கதவைச் சாத்திவிடுகிறோம். ஆறு ஆண்டுகள் அரபு எழுத்தோடு பழகிய பிள்ளைக்கு 'கலம்' என்றால் எழுதுகோல் என்பதுகூடத் தெரியாமல் போகிறது.

நம் முன்னோர் காலத்தில் நிலைமை இவ்வளவு மோசமாக இல்லை. அதற்குக் காரணம் அரபுத்தமிழ். தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் எழுதி, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டிக்கொண்டார்கள். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களைப் போன்ற மேதைகள் அந்த எழுத்தில் மார்க்க நூல்களை எழுதினார்கள். ஏழு வயதில் எழுத்துக் கூட்டக் கற்ற சிறுமி, பள்ளிக்கூடத்தையே கண்டிராவிட்டாலும், இருபது வயதில் அதே எழுத்தைக் கொண்டு தொழுகைச் சட்டங்களைத் தமிழில் படித்துப் புரிந்துகொண்டாள். சிறு வயதில் கற்ற எழுத்து வளர்ந்த பின் பொருளுக்கு வாசலாக இருந்தது. அச்சுத் தமிழும் பள்ளிக் கல்வியும் பரவிய பின் அரபுத்தமிழ் மறைந்தது. அதைக் குறை கூற முடியாது. ஆனால் அந்த வாசலுக்குப் பதிலாக வேறு வாசல் எதையும் நாம் வைக்கவில்லை.

அடுத்து, பெரியவர்கள். இவர்களைப் பற்றிப் பேசத்தான் நான் முக்கியமாக வந்தேன். 'எனக்கு வயதாகிவிட்டது ஹஜ்ரத், நாக்கு திரும்பாது' என்று சொல்லிப் பின்வரிசைக்குப் போய்விடும் பெரியவர்கள் இந்த ஊரில் பலர் இருக்கின்றனர். திக்கித் திணறிச் சிரமத்துடன் குர்ஆன் ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களும் பதிவு செய்துள்ளன. இதை அவர்களிடம் சொன்னால் தலையசைக்கிறார்கள். வகுப்புக்கு மட்டும் வருவதில்லை. ஏன்? பேரப்பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்ந்து 'அலிஃப், பா' சொல்ல வேண்டியிருக்கிறது. பிழை செய்தால் பத்து வயதுப் பையன் சிரிக்கிறான். அதிலும் ஒரு வியப்பு: வீட்டில் பேத்தி திருத்தினால் பாட்டி மகிழ்ச்சியோடு திருத்திக்கொள்கிறார், பள்ளியில் உஸ்தாது திருத்தினால் முகம் சிவக்கிறது. ஆகவே தடையாக இருப்பது நாக்கு மட்டுமல்ல.

கிராஅத் இமாம்கள் எழுவரில் ஒருவரான கிஸாயீ (ரஹ்) அவர்கள் வயது முதிர்ந்த பின்னரே இலக்கணம் கற்றார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நடந்து களைத்து வந்தவர்கள், களைப்பைச் சொல்ல ஒரு சொல்லைத் தவறான வடிவில் கூற, உடனிருந்தோர் சுட்டிக்காட்டினார்களாம். அந்த வெட்கம் அவர்களை வீட்டுக்குள் முடக்கவில்லை. எழுந்து ஆசிரியரைத் தேடிப் போனார்கள். பஸராவில் கலீல் (ரஹ்) அவர்களிடம் அமர்ந்தார்கள். பாலைவனத்து அரபிகளிடம் கேட்டுக் கேட்டுப் பதினைந்து குப்பி மை தீரும் வரை எழுதினார்கள். கூஃபா நகரின் இலக்கண மரபுக்கே பின்னர் தலைவரானார்கள்.

பெரியவர்களுக்குச் சிறுவர்களிடம் இல்லாத ஒரு செல்வம் உண்டு. அவர்களுக்கு ஏற்கெனவே அரபு தெரியும்! நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. அசல், நகல், வசூல், பாக்கி, மகசூல், ரத்து, ஆஜர், வக்கீல், ஜில்லா, தாலுகா, தகராறு, இனாம் ஆகிய இவை யாவும் அரபு வேரிலிருந்து வந்து தமிழில் கலந்தவை. கடை நடத்தும் ஒருவருக்கு 'பாக்கி' என்றால் எஞ்சியிருப்பது என்று தெரியும். அல்லாஹ் 'பாக்கீ' என்றால் என்றும் எஞ்சி நிலைத்திருப்பவன் என்று சொன்னால், மறுநாளும் அவருக்கு நினைவிருக்கும். வழக்குக்காக அலைந்தவருக்கு 'வகீல்' என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு இப்படிக் கற்பிக்க முடியுமா?

கடமையான தொழுகைகளின் 17 ரக்அத்துகளிலும் இடம்பெறும் ஃபாத்திஹா அத்தியாயத்தில் பிஸ்மியையும் சேர்த்து 29 சொற்களே உள்ளன. நாளுக்கு ஒரு சொல் என்றாலும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

வளைகுடாவில் பணியாற்றித் திரும்பிய சகோதரர்களையும் இந்தப் பணிக்கு அழைக்கிறேன். இருபத்தைந்து வயதில் போய், கடையில் நின்றே அரபு பேசக் கற்றவர்கள் அவர்கள். ஏழாண்டுகள் மதரஸாவில் ஓதிய ஆலிம், ஜித்தாவில் இறங்கியவுடன் வழி கேட்கத் தடுமாறுவதும், ஒரு பக்கம்கூட எழுதத் தெரியாத நம் சகோதரர் அரபியிடம் விலை பேசி முடிப்பதும் நாம் கண்ட காட்சி. புழங்கியது வருகிறது, புழங்காதது வருவதில்லை. இருவரும் ஒரே வகுப்பில் ஒருவருக்கொருவர் கற்பிக்கலாம்.

ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தைப் பதினைந்து நாட்களுக்குள் கற்றார்கள் என்ற செய்தியைச் சிலர் நினைவூட்டக் கூடும். அவர்கள் இளைஞர், கூர்மதி படைத்தவர், யூதர்கள் மதீனாவிலேயே வாழ்ந்தார்கள், ஹீப்ரு அரபுக்கு உடன்பிறந்த மொழி. தமிழுக்கும் அரபுக்கும் அந்த உறவு இல்லை. ஆகவே பதினைந்து நாளில் அரபு என்று விளம்பரம் செய்வோரை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

நிர்வாகக் குழுவிடம் என் வேண்டுகோள் இதுதான். மக்தபை இப்போது உள்ளபடியே நடத்துவோம். ஆனால் 12 முதல் 17 வயதினருக்கு வாரம் இரு நாட்கள் பொருளும் இலக்கணமும் கற்பிக்கத் தனி வகுப்பு வேண்டும். தேர்வு மாதங்களில் விடுமுறை விடலாம். பெரியவர்களுக்கு இஷாவுக்குப் பின் அரை மணி நேரம், சிறுவர்கள் இல்லாத வேளையில். பெண்களுக்கு ஆலிமா ஒருவரைக் கொண்டு பகல் நேரத்தில். முழங்கால் வலியால் தரையில் அமர முடியாதவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகளும், தூரத்திலிருந்தும் தெரியும்படி பெரிய எழுத்தில் எழுத ஒரு பலகையும் போதும். இதற்கு ஆகும் செலவு அதிகமில்லை.

பெரியவர்கள் வகுப்பில் சேர விரும்புவோர் என்னிடமோ முஅத்தின் அவர்களிடமோ தனியாகச் சொன்னால் போதும். பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட மாட்டாது.