மலைக்கும் வீட்டுக்கும் ஒரே வண்டி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி பேசச் சொன்னார் செயலாளர். எங்கள் பேட்ச் நண்பன் ஒருவனுக்கு வண்டி பார்த்த கதையைச் சொல்கிறேன்.

அவன் போடிநாயக்கனூர்க்காரன். போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம். தினமும் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, அப்புறம் மண் தடத்தில் இறங்க வேண்டும். பழைய ஜீப் ஓய்ந்துவிட்டது. தோட்டத்தில் யாரையாவது பாம்பு தீண்டினால் கீழே கொண்டுவர அதை விட்டால் வேறு வழி கிடையாது. வீட்டில் 80 வயது அம்மா. மாதம் இருமுறை மதுரைக்கு வைத்தியம். கையில் உள்ள பணத்துக்கு ஒரே வண்டிதான். "மாப்ள, நீதானடா இஞ்சினியர், சொல்லு" என்றான். அவனும் இதே வகுப்பில்தான் படித்தான், அது வேறு விஷயம்!

எங்கள் காலத்தில் கேள்வியே எழாது. ஜீப், இல்லாவிட்டால் 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸி. இப்போது 2020-ல் புது உருவம் எடுத்த மஹிந்திரா தார், 2023-ல் இங்கே வந்த ஐந்து கதவு ஜிம்னி, இரண்டில் ஒன்று என்று வந்து நின்றது.

காகிதத்தில் தார்தான் பெரியண்ணன். தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், ஜிம்னிக்கு 210. மேட்டில் முன் பம்பர் இடிக்காமல் ஏறும் கோணம் தாருக்கு 41 டிகிரிக்கு மேல், ஜிம்னிக்கு 36. டீசல் தாரின் இழுவிசை 300 நியூட்டன் மீட்டர். பெட்ரோல் ஜிம்னிக்கு 134. ஆனால் ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோதான். தார் அதைவிடப் பல நூறு கிலோ கூடுதல். சேற்றில் புதைந்தால் நாலு பேர் தள்ளிவிட வேண்டியது இந்த எடையைத்தானே! அகலத்தையும் பாருங்கள்: தார் 1,820, ஜிம்னி 1,645. ஒருபக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும் தடத்தில் அந்த ஏழு அங்குலம் உயிர்.

மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டியிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் முன் சக்கரம் கூடுதல் தூரம் ஓடும், பின் சக்கரம் குறைவாக ஓடும். மண்ணில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசம் சரியாகிவிடும். காய்ந்த தார் ரோட்டில் (வண்டியைச் சொல்லவில்லை, ரோட்டைச் சொல்கிறேன்) வழுக்காது. முறுக்கமெல்லாம் கியரில் ஏறும், ஸ்டீயரிங் இறுகும். "ஃபோர் வீல் போட்டா பிடிமானம்தானே சார்" என்று ரோட்டிலும் போட்டுக்கொண்டு போகிற டிரைவர்கள் உண்டு. போடாதீர்கள். சேற்று இறக்கத்தில் லோ ரேஞ்ச், முதல் கியர், கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இஞ்சினே பிடித்து இறக்கும்.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். நாலு பேர், ஏசி, மலை ஏற்றம் என்றால் ஜிம்னி திணறுகிறது. அடிக்கடி இரண்டாம் கியருக்கு வரவேண்டும். பின்சீட் நிமிர்ந்திருந்தால் ஏலக்காய் மூட்டைக்கு இடமும் இல்லை. தாருக்கு இழுவையில் குறையே கிடையாது. மேடு பள்ளத்தில் கொஞ்சம் குலுக்கும். வாலிப வயசுக்கு அது சுகம்தான்.

ஷோரூமுக்கு அம்மாவையும் கூட்டி வரச் சொன்னேன். மூன்று கதவுத் தாரில் முன்சீட்டை மடக்கித்தான் பின்னால் போகவேண்டும். அம்மா பார்த்துவிட்டு, "ஏய்யா, இதுல ஏறுறதுக்கு நான் நடந்தே மதுரைக்குப் போயிருவேன்" என்றார்கள். பாம்பு கடித்தவனையும் அந்தச் சந்து வழியாகத்தானே உள்ளே திணிக்க வேண்டும்? 2024-ல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸில் அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் சக்கர இடைவெளி 2,850 மில்லிமீட்டர். அவனுடைய தோட்டத்துத் திருப்பத்தில் ஒரே மடக்கில் திரும்பாது.

ஜிம்னி வாங்கு, மூட்டைக்கு மேலே கேரியர் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். அவன் மகன் தார் கட்சி. "அங்கிள், அது பொம்மை வண்டி" என்று என்னிடமே சண்டைக்கு வருகிறான். இன்னும் முன்பணம் கட்டவில்லை. நண்பன் இதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். சாப்பாட்டு வேளையில் நீங்களும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.