மருந்தாலும் புத்தி தடுமாறும்

 

வீட்டில் வயதானவர் ஒருவருக்குக் காய்ச்சல். அல்லது நீர்க்கடுப்பு. டாக்டர் ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதித் தருகிறார். அது நோய்க் கிருமியை ஒழிக்கும் மருந்து. இரண்டு மூன்று நாளில் பெரியவரின் பேச்சு மாறுகிறது. இரவில் தூக்கமில்லை. பெற்ற மகனைப் பார்த்தே "நீ யாருப்பா?" என்கிறார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். இல்லாத ஆளோடு பேசுகிறார்.

நாம் என்ன நினைக்கிறோம்? "காத்து கருப்பு அடிச்சிருச்சு" என்கிறோம். அல்லது "வயசாயிருச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். இரண்டும் தவறு. நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று திடீரெனத் தடுமாறினால், உடம்புக்குள் ஏதோ கோளாறு என்று பொருள். டாக்டர்கள் இதை டெலிரியம் என்பார்கள். நாம் பிதற்றல் என்போம். சிலர் பிதற்றாமல் மந்தமாக, எந்நேரமும் தூக்கத்திலேயே கிடப்பார்கள். அதுவும் இதே கோளாறுதான்.

இதற்குக் காரணங்கள் பல. கடும் காய்ச்சல், இரத்தத்தில் கிருமி பரவுதல், உடலில் நீர் வற்றுதல், சர்க்கரை குறைதல், மூச்சுத் திணறல். சில சமயம், நோய் தீர்க்கக் கொடுத்த ஆன்டிபயாடிக்கே காரணமாகிவிடும்.

2016ஆம் ஆண்டில் அமெரிக்க டாக்டர்கள் பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். இப்படிப் பாதிக்கப்பட்ட 391 பேரின் விவரம் கிடைத்தது. 54 வகை ஆன்டிபயாடிக்குகள் அதில் இருந்தன. ஏறத்தாழ பாதிப் பேருக்கு இல்லாதது இருப்பதாகத் தோன்றியது. சிலருக்கு வலிப்பு வந்தது. நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது.

சிறுநீரகத்துக்கும் புத்திக்கும் என்ன தொடர்பு? பல மருந்துகள் வேலை முடிந்ததும் சிறுநீரில் வெளியேறும். சிறுநீரகம் பழுதானால் மருந்து வெளியேறாது. வாய்க்கால் அடைத்த வயலில் தண்ணீர் தேங்குவதுபோல, இரத்தத்தில் மருந்து தேங்கும். அது மூளையைக் கலக்கும். ஆகவே வயதானவர்கள், சிறுநீரக நோயாளிகள் கவனமாக இருக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையை மிகவும் குறைத்துவிடலாம். அதனாலும் புத்தி தடுமாறும்.

அதற்காக ஆன்டிபயாடிக்கைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த மருந்து. பிதற்றல் எப்போதாவது சிலருக்குத்தான் வரும்.

பிதற்றல் வந்தால் என்ன செய்வது?

நாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. பிதற்றல் கிருமியாலும் வந்திருக்கலாம். மருந்தை நிறுத்தினால் கிருமி ஓங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று டாக்டர் முடிவு செய்வார். மருந்துதான் காரணம் என்றால், அதை மாற்றிய சில நாளில் பெரும்பாலோர் தெளிந்துவிடுவார்கள்.

நோயாளியைக் கட்டிப் போடாதீர்கள். மிரட்டாதீர்கள். விளக்கேற்றி வையுங்கள். பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்து, பெயர் சொல்லி மெதுவாகப் பேசட்டும்.

இங்கேதான் நாம் கற்ற எழுத்து கைகொடுக்கும். வீட்டில் நோயாளி இருந்தால் ஒரு தாளில் எழுதி வையுங்கள். என்ன மாத்திரை? எந்தத் தேதியில் தொடங்கியது? ஒரு நாளைக்கு எத்தனை? பேச்சு எப்போது மாறியது? மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். தாளையும் அட்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரக நோய், சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து நமக்கும் கேட்கும் என்று எண்ணக் கூடாது.

மந்திரிப்பவரைத் தேடி அலையும் ஒரு நாள், ஓர் உயிரின் விலையாகிவிடலாம். அந்த நாளை ஆஸ்பத்திரிக்குக் கொடுப்போம்.