கொசுவும் பசியும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மேடையில் காய்ச்சலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். சேலம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னே நம் முன்னோர் பலர் கடல் கடந்து சென்றனர். அவர்கள் உழைத்த இலங்கைத் தீவில் 1934, 1935-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஒரு பேரழிவு நமக்கும் பாடமாகும்.

1934-இல் அங்கே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வற்றாது ஓடிய ஆறுகள் வற்றி, மணற்குழிகளிலும் பாறை இடுக்குகளிலும் நீர் தேங்கியது. தேங்கிய நீரில் அனோபிலஸ் கொசு பெருகியது. மலேரியாவுக்குப் பழகிய வறண்ட வட்டாரங்களைவிட, அதற்குப் பழகாத கேகாலை, குருநாகல் பகுதிகளே பெரிதும் சீரழிந்தன. தீவின் மக்கள் தொகை அந்நாளில் ஏறத்தாழ 55 இலட்சம். அவர்களுள் 15 இலட்சம் பேர் நோயுற்றனர். சுமார் 80,000 பேர் மாண்டனர் என்று மதிப்பிடுகின்றனர்.

கொசு ஏழையென்றும் செல்வரென்றும் பார்ப்பதில்லை. ஆயினும் சாவு பார்த்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர், தேங்காய் விலைகள் வீழ்ந்து, உழைப்பாளர் வேலையிழந்திருந்த காலம் அது. வறட்சியால் விளைச்சலும் குன்றியது. பட்டினியால் மெலிந்த உடல் காய்ச்சலைத் தாங்கவில்லை. கொயினா மாத்திரை மட்டும் போதாது, கஞ்சியும் வேண்டும் என்பதை அந்த ஊர்களுக்குள் நடந்து சென்றவர்களே முதலில் உணர்ந்தனர்.

அப்படிச் சென்றோர் பெரும்பாலும் இளைஞர்கள்; 'சூரிய மல்' இயக்கத்தினர். சூரிய மல் என்பது வேறொன்றுமன்று, நம் ஊர்ப் பூவரசம்பூவே. போர் நினைவு நாளில் ஆங்கிலேயர் விற்ற பாப்பிப் பூவுக்கு எதிராக அதனை விற்றுப் பொருள் திரட்டிய அவர்கள், காய்ச்சல் பரவியதும் மருந்தும் உணவும் சுமந்து குடிசைதோறும் சென்றனர். சத்துக்காக 'மார்மைட்' என்னும் ஈஸ்ட் சாற்றை உருண்டைகளாக்கிக் கொடுத்தனர். அவர்களுள் சிலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். 1936-இல் என். எம். பெரேரா கேகாலைப் பகுதியின் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோய்ப் படுக்கையருகே தோன்றிய உறவு மக்களாட்சியிலும் பயன் தந்தது.

தோழர்களே! செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897-இல். 37 ஆண்டுகள் கழித்தும் அவ்வறிவு ஏழையின் வாசலுக்கு வந்து சேரவில்லை. வராத அறிவை நாமே சென்று கொணரவேண்டும். அதற்காகத்தான் கழகங்கள் வேண்டும், கல்வி வேண்டும்.

மற்றொரு பாடமும் உண்டு. டி.டி.டி. மருந்தின் துணையால் 1963-இல் இலங்கையில் மலேரியா கண்டோர் 17 பேராகக் குறைந்தனர். வென்றுவிட்டோம் என்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1968, 1969-ஆம் ஆண்டுகளில் நோய் இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது. மீண்டும் அயராது உழைத்து, 2016-இல்தான் மலேரியா அற்ற நாடு என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றை அந்நாடு பெற்றது. ஒரு தலைமுறை பட்டம் பெற்றதும் ஓய்ந்துவிட்டால், நாம் ஈட்டிய கல்வியும் அவ்வாறே கைநழுவும்.

2006-இல் தமிழகத்தைச் சிக்குன்குனியா முடக்கியதை மூத்தோர் மறந்திருக்கமாட்டீர்கள். அந்நோயையும் டெங்குவையும் பரப்பும் கொசு வீட்டில் தேக்கிவைத்த நல்ல நீரில் வளர்வது. குழாயில் நாள்தோறும் நீர் வராத தெருவில் குடமும் தொட்டியும் நிறைத்து வைக்காமல் எவ்வாறு வாழ்வது? மூடிவைக்கச் சொல்வது நம் கடமை; முறையாகக் குடிநீரும் வடிகாலும் கேட்பது நம் உரிமை. இரண்டையும் ஒருசேரச் செய்தல் வேண்டும்.

புதுச்சத்திரத்து இளைஞர்களே! மனு எழுதத் தெரிந்தவர் மனு எழுதுங்கள். மருத்துவம் பயில்வோர் விடுமுறையில் நம் தெருக்களுக்கு வாருங்கள். அடுத்த காய்ச்சல் வருமுன் ஒவ்வொரு வீட்டின் தண்ணீரையும் அடுப்பையும் நாம் அறிந்திருப்போமாக. அதுவே இவ்விழாவில் நாம் ஏற்கத்தக்க உறுதி.