கணக்கில் வராத ஆட்டக்காரர்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"லினக்ஸில் கம்ப்யூட்டர் விளையாட்டு" என்று நான் தலைப்பைச் சொன்னதும் சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஏம்ப்பா, வேலைக்குப் போய் இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் விளையாட்டுதானா?" என்று கேட்டார். அன்று அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

நான் இங்கே 2008 முதல் 2012 வரை படித்தேன். அப்போது விடுதியில் எங்களுக்கு 'லினக்ஸ் கோஷ்டி' என்று பெயர். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற சுதந்திர மென்பொருளைப் பற்றி மெஸ்ஸில் மணிக்கணக்காக வாதாடுவோம். எதிர்க்கோஷ்டி ஒரே கேள்வியில் எங்கள் வாயை அடைத்துவிடும். "எல்லாம் சரி மச்சான், அதுல கேம் ஓடுமா?"

2011-இல் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. என் சித்தி மகனுக்கும் ஒன்று கிடைத்தது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது பார்த்தேன், லினக்ஸைக் காணோம். "ஏன்டா அழிச்ச?" என்றேன். "அதுல கேம் ஓடலண்ணா" என்றான். செயலாளர் அண்ணனுக்கு என் பதில் இதுதான். ஓர் இளைஞனின் கணினியில் எந்த இயங்குதளம் தங்கும் என்பதைப் பல வீடுகளில் விளையாட்டுதான் தீர்மானிக்கிறது.

இப்போது ஓர் ஒப்புதல் வாக்குமூலம்.

2010 மே மாதம் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்று ஒரு விற்பனை நடந்தது. வேர்ல்ட் ஆஃப் கூ, அக்வேரியா, கிஷ் என்று சின்னச் சின்னக் குழுக்கள் செய்த விளையாட்டுகளை ஒரே கட்டாகக் கொடுத்தார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விலை, நீங்கள் விரும்பியது. ஒரு சென்ட் கொடுத்தாலும் போதும். என்னிடம் கார்டு இல்லை. மாமாவிடம் இருந்தது, கேட்கக் கூச்சப்பட்டேன். வேறொருவனிடமிருந்து பென் டிரைவில் வாங்கி, விடுதி முழுக்க நானே பரப்பினேன். நாற்பது அறைகளுக்குக் குறையாது.

விற்பனை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. லினக்ஸ்காரர்கள் சராசரியாக விண்டோஸ்காரர்களைப் போல் இரண்டு மடங்கு கொடுத்திருந்தார்கள். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மெஸ்ஸில் அந்தச் செய்தியைச் சத்தமாக வாசித்தேன். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து கேட்டான்: "நீ எவ்வளவுடா கொடுத்த?"

அன்றைக்கு இறங்கிய சாம்பார் சாதத்தின் ருசி இன்னும் நினைவிருக்கிறது. பதிவிறக்கங்களில் ஏறக்குறைய கால்வாசி காசு கொடுக்காமல் நடந்தவை என்று விற்றவர்களே மதிப்பிட்டு எழுதியிருந்தார்கள். அந்தக் கால்வாசியில் நானும் ஒருவன். நாற்பது அறைகளில் விளையாடினோம். கணக்கில் நாங்கள் பூஜ்யம். இதை நான் இரட்டைத் தவறு என்பேன். உழைத்தவருக்குக் கூலி போகவில்லை. லினக்ஸில் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்ற சாட்சியும் போகவில்லை.

இந்தச் சாட்சி எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1998-இல் அமெரிக்காவில் லோகி என்று ஒரு நிறுவனம் தொடங்கியது. பிரபலமான விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றி விற்பதுதான் அதன் தொழில். சிவிலைசேஷன்: கால் டு பவர், குவேக் 3 எல்லாம் அவர்கள் கைபட்டு வந்தவை. "விளையாட்டு வேண்டும்" என்று கேட்டவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் விற்பனை போதவில்லை. 2002 தொடக்கத்தில் கடையை மூடிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த சாம் லான்டிங்கா எழுதிய எஸ்.டி.எல். என்ற நிரல் தொகுப்பு மட்டும் பிழைத்தது. இன்றும் எத்தனையோ விளையாட்டுகள் அதன்மேல்தான் நிற்கின்றன.

இன்றைய நிலை வேறு. 2013 பிப்ரவரியில் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2018 ஆகஸ்டில் புரோட்டான் வந்தது. இதன் வேலையைப் பழைய காலத்துத் துபாஷியோடு ஒப்பிடலாம். விண்டோஸ் விளையாட்டு தன் மொழியில் ஒன்றைக் கேட்கும். 1993 முதல் வளர்ந்துவரும் வைன் என்ற மென்பொருள் அதை லினக்ஸ் மொழியில் சொல்லும். படம் வரையும் கட்டளைகளை டி.எக்ஸ்.வி.கே. என்ற இன்னொரு துபாஷி வல்கனுக்கு மாற்றித் தரும். இந்த இரண்டாவது துபாஷியை எழுதத் தொடங்கியவர் பிலிப் ரெபோலே. 'நீர்: ஆட்டோமேட்டா' என்ற ஒரு விளையாட்டைத் தன் லினக்ஸ் கணினியில் ஆட வேண்டும் என்ற ஆசைதான் ஆரம்பம். பிறகு வால்வ் அவருக்குச் சம்பளம் கொடுத்து அந்த வேலையைத் தொடர வைத்தது. ஓர் ஆட்டக்காரரின் ஆசை, ஆயிரக்கணக்கான விளையாட்டுகளுக்கு வழி திறந்தது.

2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியே லினக்ஸில்தான் ஓடுகிறது. 2018-இல் ஸ்டீம் ஆட்டக்காரர்களில் லினக்ஸ்காரர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2025 அக்டோபரில் முதல் முறையாக 3 சதவீதத்தைத் தாண்டினார்கள். சின்ன எண்தான். ஆனால் அது எண்ணப்பட்ட எண்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, காசு கொடுத்து வாங்குங்கள். வாங்கியதை லினக்ஸிலேயே ஆடுங்கள். புரோட்டான் வழியாக ஆடினாலும் ஸ்டீமில் அது லினக்ஸ் விற்பனையாகவே பதிவாகும். "இந்த ஒரு கேமுக்கு மட்டும் விண்டோஸுக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் நீங்கள் விண்டோஸ் கணக்கில் ஏறிவிடுவீர்கள். முழு விலை முடியாதா? தள்ளுபடி வரும்வரை பொறுங்கள், ஒன்றும் குடி முழுகாது. ஸ்டீம் எப்போதாவது கணினி விவரக் கணக்கெடுப்புக்கு அழைக்கும். அதையும் மூடிவிடாமல் 'சரி' சொல்லுங்கள்.

இரண்டாவது, குறையை ஒழுங்காக எழுதுங்கள். நான் வேலை பார்க்கும் இடத்தில் வாடிக்கையாளர் குறைகள் என் மேசைக்குத்தான் வரும். "ஓடல, உடனே சரி பண்ணுங்க" என்று ஒருவர் எழுதுவார். அதை வைத்து நான் என்ன செய்ய? எந்தப் பதிப்பு, எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு, எதை அழுத்தியபோது நின்றது, மறுபடி செய்தால் மறுபடி நிற்கிறதா என்று இன்னொருவர் எழுதுவார். அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

'டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன்' என்ற விளையாட்டைச் செய்தவர் 2021-இல் தன் கணக்கை வெளியிட்டார். விற்றது சுமார் 12,000 பிரதிகள். அதில் லினக்ஸ்காரர்கள் வாங்கியது சுமார் 700. வந்த குறைகள் ஆயிரத்துச் சொச்சம். அதில் லினக்ஸ்காரர்கள் எழுதியது சுமார் 400. "பார்த்தீங்களா, லினக்ஸ்னாலே தொல்லை" என்று தோன்றுகிறதல்லவா? அந்த 400-இல் லினக்ஸுக்கு மட்டும் உரிய குறைகள் மூன்றுதான்! மற்றவை எல்லாருடைய கணினியிலும் இருந்த பிழைகள். அவர் சலித்துக்கொள்ளவில்லை, இவ்வளவு தரமான குறிப்புகள் வருகின்றனவே என்று பாராட்டினார். காசு குறைவாக இருக்கும் மாணவனும் கொடுக்கக்கூடிய காணிக்கை இது. புரோட்டானில் எது ஓடியது, எது ஓடவில்லை என்பதை ஆட்டக்காரர்களே தொகுக்கும் புரோட்டான்-டி.பி.யிலும் நாலு வரி எழுதுங்கள். அடுத்தவனுக்கு ஓர் இரவு மிச்சமாகும்.

மூன்றாவது, திட்டாதீர்கள். எல்லாமே லினக்ஸில் ஓடிவிடாது. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கும் மென்பொருள் பெரிய முட்டுக்கட்டை. 2024 அக்டோபர் கடைசியில் அபெக்ஸ் லெஜெண்ட்ஸ், ஏமாற்றுக்காரர்களைக் காரணம் காட்டி, லினக்ஸ் ஆட்டக்காரர்களை வெளியேற்றியது. வருத்தம்தான். ஆனால் கெட்ட வார்த்தையில் கடிதம் எழுதினால் கதவு திறக்காது. மரியாதையாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நம்மை மதிக்கிறவரிடம் வாங்குங்கள்.

நான்காவது, சூப்பர்டக்ஸ்கார்ட், பேட்டில் ஃபார் வெஸ்னாத், 0 ஏ.டி. போன்ற சுதந்திர விளையாட்டுகளில் கை கொடுங்கள். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் ஓவியம், இசை, மொழிபெயர்ப்பு என்று எத்தனையோ வேலை இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வந்த மாதம் வேர்ல்ட் ஆஃப் கூவை விலை கொடுத்து வாங்கினேன். வாங்கியது ஒரு பிரதி. பரப்பியது நாற்பது. கடன் தீரவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

இன்றிரவும் விடுதியில் ஒரு பென் டிரைவ் அறை அறையாகப் போகலாம். உங்கள் அறைக்கு வரும்போது, அன்று மெஸ்ஸில் என்னைக் கேட்ட கேள்வியை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட நண்பன் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறான்.