பந்தும் பந்தயமும்

1994 செப்டெம்பரில் சிங்கர் உலகத் தொடர் ஆடக் கொழும்பு வந்த அவுஸ்திரேலிய அணியில் இருவருக்கு ‘ஜோன்’ என்றொரு இந்தியர் பழக்கமானார். மார்க் வோவுக்கு 4,000 டொலர், ஷேன் வோர்னுக்கு 5,000 டொலர் கைமாறியது. பிறகு ஜோன் கேட்டதெல்லாம் ஆடுகளம் எப்படி, வானிலை எப்படி என்பதுதான். அவர் பந்தயத் தரகர். மறு ஆண்டு அவுஸ்திரேலியக் கிரிக்கெட் சபை இருவருக்கும் தண்டம் விதித்தது. விதித்ததை மூடி மறைத்தது. விஷயம் வெளியே கசிந்தது 1998 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் களத்துக்கு வந்த இளையவர் எவருக்கும் அந்தத் தண்டம் பாடமாகவில்லை.

பந்தயத்தில் சிக்கும் வீரரைத் தண்டிக்க வேண்டுமா என்பதே இவ்வுரையின் கேள்வி.

கல்முனைக் கரையில் இதற்குச் சட்டெனப் பதில் வரும்: சூது ஹராம். ஆனால் நம் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளையே எடுத்துக்கொள்வோம். கழகங்கள் கட்டும் பதிவுக் கட்டணம் அப்படியே வென்றவர் கைக்குப் பரிசாகப் போனால் அது சூதின் சாயல் என்பார்கள் உலமாக்கள். கட்டணம் பந்துக்கும் நடுவருக்கும் செலவாகி, பரிசை வெளியிலிருந்து ஓர் அனுசரணையாளர் தந்தால் தடையில்லை. காசு யாருடையது, எதற்காக வந்தது என்று துருவிப் பார்க்கும் வழக்கம் இது. வீரர்களையும் இந்த அளவுகோலால் அளக்கலாம்.

இங்கிலாந்தின் பிரைடன் கார்ஸ் 2017 முதல் 2019 வரை 303 தடவை கிரிக்கெட்டில் பந்தயம் கட்டினார். ஒன்றுகூட அவர் ஆடிய போட்டியில் இல்லை. 2024இல் 16 மாதத் தடை வந்தது, அதில் 13 மாதம் ஒத்திவைக்கப்பட்டது. நம் இலங்கையின் பிரவீன் ஜயவிக்ரம 2021இல் பங்களாதேஷுக்கு எதிரான தன் அறிமுக டெஸ்டிலேயே 11 விக்கெட் எடுத்தவர். ஆட்டத்தை விலைபேச வந்தவரின் குறுஞ்செய்திகளை அழித்து விசாரணைக்கு இடையூறு செய்ததற்காக 2024இல் அவருக்கு ஓராண்டுத் தடை, அதில் ஆறு மாதம் ஒத்திவைப்பு. முன்னாள் இலங்கை வீரர்கள் நுவன் சொய்சாவுக்கு ஆறு ஆண்டுத் தடை, டில்ஹார லொக்குஹெட்டிகேவுக்கு எட்டு ஆண்டு: இருவர்மீதும் நிரூபணமானது ஆட்டத்தையே விற்க முனைந்த குற்றம்.

இந்த ஏற்ற இறக்கம் நியாயமானது. பிறர் ஆட்டத்தில் காசு கட்டியவரும் தன் ஆட்டத்தை விற்றவரும் ஒரே தராசில் நிற்க முடியாது.

தடையோடு முடிந்த கதை இங்கே சிறைக்கும் நீண்டுவிட்டது. 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம், ஆட்ட நிர்ணயத்துக்குப் பத்தாண்டு வரை சிறையும் பத்துக் கோடி ரூபா வரை தண்டமும் வைத்திருக்கிறது. 2020 லங்கா பிரீமியர் லீக் தொடர்பான குற்றச்சாட்டில் முன்னாள் இலங்கை வீரர் சச்சித்ர சேனாநாயக்க 2023 செப்டெம்பரில் கைதானார். குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஆட்டத்தை விற்றவருக்குச் சிறை பொருந்தும். பேரம் வந்ததைச் சொல்லாமல் இருந்த இருபது வயதுப் பையனுக்குத் தடை போதும். ஆனால் அது ஊரறிய விதிக்கப்பட வேண்டும். தடை மட்டும் போதும் என்பதற்குக் காரணம் உண்டு: பேரம் பேச வருபவர் பல நேரம் அவன் மதிக்கும் மூத்த வீரராகவே இருப்பார். மறுத்தால் வாய்ப்புப் போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு இருக்கும்.

சந்தாங்கேணி மைதானத்தில் ஆடும் கழகங்களிடமும் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கழகங்களிடமும் ஒரு வேண்டுகோள். கடினபந்தைப் பையன் கையில் கொடுக்கும் நாளிலேயே, யாராவது காசோடு வந்தால் உடனே முறையிடுவது அவன் கடமை என்று சொல்லிக் கொடுங்கள். யாரிடம் முறையிடுவது என்பதையும் சொல்லுங்கள். அடுத்த சுற்றுப்போட்டியில் பதிவுக் கட்டணத்தின் கணக்கையும் பரிசுப் பணத்தின் கணக்கையும் தனித்தனியாக எழுதி மைதான வாசலில் ஒட்டுங்கள்.