ஒரே பக்கம், பல தோற்றம்

(கள்ளக்குறிச்சியில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கிணறு, பாதை, பள்ளிக் கட்டிடம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே நம் கூட்டங்களின் வழக்கம். இன்று சற்று வேறான விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். பட்டா நகல் பெறுவதற்கும், வீட்டு வரி செலுத்துவதற்கும், சாதிச் சான்றிதழ் கோருவதற்கும் இப்போது இணையப் பக்கமும் ஒரு வாயில். கல்வராயன் மலையில் வசிக்கும் சகோதரர் ஒருவர் கைப்பேசியில் விண்ணப்பத்தை முழுவதும் நிரப்பிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் அழுத்த வேண்டிய பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது. அதே பக்கம் இ-சேவை மையத்துக் கணினியில் ஒழுங்காகத் தெரிகிறது. அதற்காக அவர் ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏற வேண்டியிருக்கிறது. தமக்குக் கைப்பேசியைக் கையாளத் தெரியவில்லை என்றே அவர் எண்ணிக்கொள்கிறார். குறை அவரிடம் இல்லை.

இணையப் பக்கம் அச்சடித்த நோட்டீஸைப் போன்றதன்று. எழுத்துக்களும், அவற்றை எப்படி அமைக்க வேண்டும் என்னும் குறிப்புகளும் மட்டுமே நமக்கு வந்து சேருகின்றன. அவற்றைப் படித்துப் பக்கத்தைக் கட்டி எழுப்பும் கொத்தனார், நம் கருவியில் உள்ள உலாவி, அதாவது பிரௌசர். குரோம், பயர்பாக்ஸ், சபாரி, எட்ஜ் என்று கொத்தனார்கள் பலர். வரைபடம் ஒன்றே ஆனாலும் ஒவ்வொருவர் கைப்பழக்கமும் வேறு.

தோற்றத்துக்கான குறிப்புகளைத் தனியே எழுதும் முறையை 1994-ல் நார்வே நாட்டவரான ஹோகோன் வியூம் லீ முன்மொழிந்தார். அதற்குச் சி.எஸ்.எஸ். என்று பெயர். 1996 டிசம்பரில் அதன் முதல் விதித்தொகுப்பு வெளியாயிற்று. அப்போது நெட்ஸ்கேப் நிறுவனமும் மைக்ரோசாப்ட் நிறுவனமும் கடும் போட்டியில் இருந்தமையால், விதிகளை ஒவ்வொன்றும் தனக்கேற்றவாறு கைக்கொண்டது.

இதனால் விளைந்த குழப்பத்தை விவசாயிகளாகிய உங்களுக்கு விளக்குவது எளிது. நிலத்தை அளக்கும்போது வரப்பைச் சேர்த்து அளப்பதா, நீக்கி அளப்பதா என்று எத்தனை வழக்கு நடந்திருக்கிறது! பக்கத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றிலும் வரப்பு உண்டு. கட்டத்தின் அகலம் என்றால் வரப்பு நீங்கலான உள்ளளவே என்று விதி கூறிற்று. மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-ஆம் பதிப்போ வரப்பையும் சேர்த்தே அளந்தது. 900 புள்ளி அகலமுள்ள பக்கத்தில் 300 வீதம் மூன்று கட்டங்களை வரிசையாக வைப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரு புறமும் 10 புள்ளி வரப்பு. எக்ஸ்புளோரரில் மூன்றும் சரியாக அடங்கும். விதிப்படி நடக்கும் உலாவியில் ஒவ்வொன்றும் 320 ஆகி, மொத்தம் 960 ஆகிவிடும். மூன்றாவது கட்டம் இடமின்றிக் கீழே விழுந்துவிடும். பக்கங்கள் சிதைந்து தெரிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2001-ல் வந்த 6-ஆம் பதிப்பு இதைத் திருத்திக்கொண்டது. ஆனால் பக்கத்தின் முதல் வரியில் ‘டாக்டைப்’ என்னும் அறிவிப்பு இருந்தால் மட்டுமே. இன்றும் அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் உலாவிகள் பழைய பழக்கங்களுக்குத் திரும்பிவிடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், வரப்பைச் சேர்த்து அளப்பதே வசதி என்று பிற்காலத்தில் பக்கம் வடிப்போர் பலரும் கருதலாயினர்! இப்போது எந்த அளவு வேண்டும் என்பதை ‘பாக்ஸ்-சைசிங்’ என்னும் குறிப்பால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். கிரயப் பத்திரத்தில் வரப்பு உட்பட என்று எழுதிக்கொள்வது போலத்தான்.

ஒரே உலாவியை நம்பிப் பக்கங்களைக் கட்டுவதன் கேட்டைத் தென்கொரிய நாடு நன்கு உணர்ந்தது. அங்கே வங்கிக் காரியங்களுக்கும் அரசாங்கச் சேவைகளுக்கும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அதன் ஆக்டிவ்எக்ஸ் இணைப்பும் நெடுங்காலம் இன்றியமையாதனவாய் இருந்தன. அந்த ஏற்பாட்டுக்கு வேராக இருந்த சான்றிதழ் முறை 2020 டிசம்பரில்தான் சட்டப்படி நீங்கியது. எக்ஸ்புளோரரின் கடைசிப் பதிப்புக்கும் 2022 ஜூன் 15-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. அதற்கென்றே கட்டியவர்கள் மீண்டும் அஸ்திவாரத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இனி கைப்பேசிக்கு வருவோம். பக்கத்தை எழுதுபவர் ‘வியூபோர்ட்’ என்னும் சிறு குறிப்பைச் சேர்க்காவிடில், கைப்பேசி அதனைக் கணினிக்கான அகலப் பக்கம் என்று கருதிச் சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு அளவாகிவிடும். குறிப்பைச் சேர்த்தும் அட்டவணையின் அகலத்தை மாறா அளவாக வைத்துவிட்டால், வலப்புறம் உள்ளவை திரையைக் கடந்து போய்விடும். முதலில் சொன்ன பொத்தான் மறைந்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். திரைக்குத் தக்கவாறு பக்கம் தானே மாறியமையும் முறைக்கு 2010-ல் ஈதன் மார்க்காட் என்பவர் பெயரிட்டு வழிகாட்டினார். அது இன்று எங்கும் பரவியிருக்கிறது.

தமிழுக்கென்று தனிச் சங்கடங்களும் உள்ளன. ஆங்கிலத்தில் ‘சப்மிட்’ என்னும் சிறு சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று எழுதினால் பாதிச் சொல் வெட்டுப்படுகிறது. வரிக்கு வரி இடைவெளி குறைந்தால், மேலே ‘கி’யின் விலங்கும் கீழே ‘மூ’வின் சுழியும் அறுபடுகின்றன. ‘கெ’ என்பதில் ககரம் முதலிலும் ஒற்றைக் கொம்பு பின்னாலுமாகவே கணினியில் சேமிக்கப்படுகின்றன. திரையில் வரும்போது உலாவி அவற்றை இடம் மாற்றி அமைக்க வேண்டும். அது தெரியாத பழைய கருவியில் கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு தனித்து நிற்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தீர்மானத்தை அப்படியே பக்கத்தில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கருவியில் ஆங்கில எழுத்துக்களின் குப்பையே தெரியும். இதற்காகவே தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்தது. இணையத்துக்கு யூனிகோடே ஏற்றது. நோட்டீஸைப் படம் பிடித்துப் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்கின்றனர். அந்தப் படத்தைச் சிறு திரையில் படிக்க இயலாது. பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் கருவிக்கும் அது வெற்றுத் தாளே.

பஞ்சாயத்தின் பெயரால் ஒரு பக்கம் அமைக்க யாரையேனும் நியமித்தால், அவருடைய புதுக் கணினியில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். சிமெண்டுச் சாலையைத் தட்டிப் பார்ப்பதுபோல் இதையும் சோதிக்க வேண்டும். கிராமத்திலேயே மிகப் பழைய கைப்பேசி ஒன்று, புதியது ஒன்று, ஐபோன் கிடைத்தால் அது, இ-சேவை மையத்துக் கணினி ஆகியவற்றில் விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நிரப்பிப் பாருங்கள். எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கியும் பாருங்கள். கண் மங்கிய முதியோர் அப்படித்தான் படிப்பார்கள். ஒவ்வொரு உலாவிக்கும் தனித்தனிப் பக்கம் செய்து தருவதாக ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். எல்லாவற்றிலும் இயங்கும் எளிய பக்கத்தை முதலில் கட்டி, அலங்காரத்தைப் பிறகு சேர்ப்பதே செலவு குறைந்த வழி. அலங்காரம் ஒரு கருவியில் தெரியாமற்போனாலும் வரி கட்டுவது தடைப்படாது. அரசாங்க இணையதளங்களுக்கென்று மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகள் 2009-லிருந்து உள்ளன. 2023-ல் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. அவற்றின்படி செய்து தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கம் சிதைந்து தெரிந்தால் விவசாயிகள் தாமே செய்து பார்க்கத் தக்கவையும் உண்டு. சில செயலிகளில் வந்த இணைப்பு அச்செயலியின் உள்ளேயே திறந்துகொள்ளும். அதைக் குரோமில் திறவுங்கள். ‘டெஸ்க்டாப் சைட்’ என்பது தேர்வாகியிருந்தால் நீக்குங்கள். கைப்பேசியைக் குறுக்காகத் திருப்பிப் பாருங்கள். உலாவியைப் புதுப்பியுங்கள். வேறொரு உலாவியிலும் முயலுங்கள்.

அதன் பின்னும் சரியாகவில்லையெனில் புகார் செய்யத் தயங்க வேண்டாம். ‘தளம் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் யாராலும் திருத்த முடியாது. கைப்பேசியின் மாடல், உலாவியின் பெயரும் பதிப்பும், பக்கத்தின் முகவரி, எதை அழுத்தியபோது என்ன நேர்ந்தது ஆகியவற்றைக் குறித்து, திரையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். தளத்தைப் பராமரிப்பவர் தம் மேஜையிலேயே அதே கோளாற்றை உண்டாக்கிப் பார்த்துத் திருத்த அது உதவும். படத்தில் ஆதார் எண் தெரிந்தால் அதை மட்டும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.